சந்தனம் பூசிய ஸ்பீக்கர்

என் மூன்று விரலில் சந்தனம். எதிரே முகத்துணி இல்லாமல் வாயைத் திறந்துகொண்டு ஒரு ஸ்பீக்கர். வாசலில் கறுப்புச் சட்டையில் என் அப்பா, கையில் ஒரு பை இறாலோடு.

அன்றைக்கு விஜயதசமி. காலை பத்து மணி இருக்கும். அப்பா ஸ்பீக்கரைப் பார்த்தார். அதன் நெஞ்சில் ஈரமாக மினுங்கிய மூன்று விரல் பட்டையைப் பார்த்தார். அப்புறம் என் கையைப் பார்த்தார். பையிலிருந்து இறால் தண்ணி சொட்டுச் சொட்டாக அவர் செருப்பில் விழுந்துகொண்டிருந்தது. அதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

"அறிவு, இன்னாம்மா பண்ற நீ?"

என் முழுப் பெயர் அறிவுக்கொடி. கோயில் வாசலை மிதிக்காத மனுஷன் ஆசை ஆசையாக வைத்த பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு சந்தனக் கிண்ணமும் கையுமாக நான் நின்ற கோலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நிலம் பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் தேங்காய் மூடியும் நெற்றி நிறைய விபூதியுமாக என் வீட்டுக்காரர் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். மூடிய வாயைத் திறக்க எட்டு வருஷம் ஆனது.

எலி குடித்தனம் பண்ணிய பெட்டி

எழுபது முடிந்து எண்பது பிறக்கிற சமயம். பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊரில், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் நான் ரேடியோ பூட்டுகிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். காலையிலிருந்து சாயந்திரம் வரை ஈயம் வைக்கிற வேலை. சூட்டுக்கோல் பட்டுக் கை சுட்டுக்கொண்டதில்லையா என்று போன வாரம் ஒரு வாசகி கடிதத்தில் கேட்டிருந்தார். சுட்டுக்கொள்ளாத விரல் ஒன்று இருக்கிறது, இடது கை சுண்டுவிரல். அதுவும் பின்னால் சமையலில் சுட்டுக்கொண்டது.

என் வீட்டுக்காரர் முருகையன் மில்லில் தறி ஓட்டினார். சாயந்திரமானால் ஒரு இன்னிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பார். குழுவை நடத்தியவர் அதே மில்லில் மேஸ்திரி. மேடையிலும் அவர் மேஸ்திரிதான். தபேலாக்காரர் இரண்டு நிமிஷம் லேட்டாக வந்தால் அரை நாள் சம்பளம் பிடிக்கிற பார்வை பார்ப்பார். அவர் வாசிப்பது அக்கார்டியன். அதை மூடித் திறக்கிறபோது அவர் மூச்சும் கூடவே வாங்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் ரிக்‌ஷாவில் ஒரு பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்தார். பெட்டி ரிக்‌ஷாவில் உட்கார்ந்திருந்தது, இவர் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தார். பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்குகிற பழைய சிப்பாய், எங்கள் பேச்சில் சொல்தா, ஒருவரின் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு குடும்பமே பிரான்சுக்குக் கிளம்புகிறது. அந்த வீட்டு மதாம், "எடுத்துக்கினு போப்பா, உள்ள எலி குடித்தனம் பண்ணுது" என்று தூக்கிக் கொடுத்துவிட்டாளாம்.

அது கிட்டாருக்கான ஆம்ப்ளிபயர். டிரான்சிஸ்டர் கிடையாது, வால்வு வைத்தது. கண்ணாடிக் குமிழ் மாதிரி ஐந்து வால்வு, இரும்புக்கட்டியாக இரண்டு டிரான்ஸ்பார்மர், கீழே ஒரு பெரிய ஸ்பீக்கர். எல்லாம் ஒரே மரப்பெட்டியில். எழுத்தெல்லாம் பிரெஞ்சு.

"ஓடுமாடி?" என்று இவர் கேட்டார்.

"மொதல்ல எலி ஓடட்டும்" என்றேன்.

கோபத்தைச் சேர்த்துவைக்கும் சாமான்

பின்பலகையைக் கழற்றினால் உள்ளே எலி, பிரெஞ்சுப் பேப்பரைக் கிழித்து மெத்தை போட்டிருந்தது. பிரஷ்ஷும் துணியும் வைத்துச் சுத்தம் பண்ணவே ஒரு வாரம் பிடித்தது. நல்ல வேளை, கரண்ட் கொடுப்பதற்கு முன்னால் பின்பக்கத்தில் இருந்த வோல்டேஜ் கட்டையைப் பார்த்தேன். நூத்திப்பத்தில் இருந்தது! நம்ம ஊர் கரண்ட்டை அப்படியே விட்டிருந்தால் அன்றைக்கே பெட்டிக்குக் கொள்ளிவைத்திருப்போம். கட்டையைப் பிடுங்கி இருநூத்திருபதில் மாற்றிச் செருகினேன்.

வால்வு பெட்டியில் கண்டன்சர் என்று ஒரு சாமான் உண்டு. பிளக்கைப் பிடுங்கினாலும் கரண்ட்டை உள்ளே பிடித்துவைத்துக்கொள்ளும். என் சின்ன மாமியார் மாதிரி. சண்டை முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் அவருக்குக் கோபம் வரும். "தொடாதீங்க, இன்னும் இருக்குது" என்று இவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

"பிளக்குதான் என் கையில இருக்குதே" என்று பிளக்கைத் தூக்கிக் காட்டிக்கொண்டே இன்னொரு கையை உள்ளே விட்டார்.

அடுத்த நொடி இவர் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிளக் இன்னும் கையிலேயே இருந்தது. அன்றிலிருந்து பெட்டியைத் திறந்தால் இவர் தெருவுக்குப் போய்விடுவார். எனக்கும் வேலை நிம்மதியாக நடந்தது.

காய்ந்துபோன கண்டன்சர்களை மாற்றினேன். செத்துப்போன இரண்டு வால்வுக்குப் பழைய ரேடியோ ரிப்பேர் கடைகளில் அலைந்து ஜோடி தேடினேன். ஸ்பீக்கரை மூடியிருந்த முகத்துணி மக்கிப்போயிருந்ததால் கிழித்து எறிந்தேன், புதுசு தைக்கலாம் என்று. இன்றுவரை தைக்கவில்லை.

கடைசியில் ஒரு நாள் கரண்ட் கொடுத்தோம். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் வால்வுக்குள்ளே மெதுவாகச் சிவப்பு ஏறியது. இவர் ஒரு தந்தியை மீட்டினார். அடடா! அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? சூடு ஆறாத வெல்லப்பாகு ஊற்றின மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கம்பெனியில் எத்தனையோ ரேடியோ பூட்டியிருக்கிறேன், ஒன்றுகூட என்னுடையது இல்லை. இது என்னுடையது.

பன்னி உறுமுது

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்தான் இருந்தது. அடித்தந்தியில் ஒரே ஒரு சுரத்தைத் தொட்டால் மட்டும் பெட்டி 'கொர்ர்ர்' என்றது. மற்ற எல்லாச் சுரமும் தேன். அது ஒன்று மட்டும் பன்னி.

"பன்னி உறுமுது அறிவு" என்பார் இவர், பாவமாக.

நான் பார்க்காத இடம் இல்லை. வால்வை மாற்றி மாற்றிச் செருகினேன். திருகாணி எல்லாம் முறுக்கினேன். வைத்த ஈயத்தையெல்லாம் எடுத்து மறுபடி வைத்தேன். வீட்டில் இருக்கிற எவர்சில்வர் பாத்திரந்தான் அதிருகிறது என்று ஒரு நாள் இவர் முடிவு கட்டினார். குடம், குண்டான், தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் தெருவில் கொண்டுபோய் வைத்தோம். பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து, "புருஷன் பொண்டாட்டின்னா ஆயிரம் இருக்கும், இதுக்குப் போயி வீட்டக் காலி பண்ணுவாங்களா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே பன்னி உறுமிக்கொண்டுதான் இருந்தது.

அப்புறம் என் மெட்டியைச் சந்தேகப்பட்டார். அன்றைக்கு நான் சாப்பாடு போடவில்லை.

மேடையில் அந்தச் சுரம் வந்தால் இவர் தாண்டி வாசிப்பார், படியில் ஒரு கல் இல்லாத இடத்தைத் தாண்டுகிற மாதிரி. மேஸ்திரிக்கா தெரியாது? "முருகையா, கடலூர்ல ஒருத்தன் இருக்கான். சொந்தப் பெட்டியோட வரேங்கறான். இன்னும் ஒரு தரம் உறுமட்டும், சொல்லிட்டேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

இதே சமயத்தில் மில்லைப் பூட்டிவிட்டார்கள். கதவடைப்பு. விடிந்தால் சங்கு ஊதும் என்று எழுந்து உட்காருவார் இவர், சங்கு ஊதாது. சட்டையைப் போட்டுக்கொண்டு பூட்டின கேட் வரைக்கும் போய்த் திரும்பி வருவார். நான் வேலைக்குக் கிளம்பும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார். அந்த நாளில் இவர் நிமிர்ந்து நின்றது மேடையில் மட்டும்தான். அந்த இடமும் போனால் இவர் என்ன ஆவார் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

யார் கைங்கரியம்?

ஆயுத பூஜை வந்தது. கம்பெனியில் பொரி கொடுக்கிறார்கள் என்று போய்விட்டுத் திரும்பினால், என் ஆம்ப்ளிபயர் மாப்பிள்ளை கோலத்தில் உட்கார்ந்திருக்கிறது. மாலை, பொட்டு எல்லாம் சரி. ஸ்பீக்கரில் அதிர்ந்து பாடுகிற கறுப்புக் காகிதத்தில், நட்ட நடுவில், இவர் மூன்று விரலால் சந்தனத்தை அப்பி இழுத்திருந்தார்.

எனக்கு வந்ததே கோபம்! "அது காகிதங்க! காகிதத்துல போயி யாராவது சந்தனம் தடவுவாங்களா? தறிக்குத் தடவற மாதிரி தடவி வச்சிருக்கீங்களே!"

"மில்லுதான் பூட்டிக் கெடக்குது, தறிக்குத் தடவ முடியல. இதுக்காச்சும் தடவறேனே" என்றார். நான் சரிந்திருந்த மாலையை நேராக்கினேன்.

மறுநாள் சந்தனம் காய்ந்ததும் வாசித்துப் பார்த்தார். அந்தச் சுரத்தைத் தொட்டார். சுத்தமாக வந்தது. மறுபடி தொட்டார், பலமாக மீட்டினார். பன்னியைக் காணோம்!

"புள்ளையாரப்பா!" என்று இவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"புள்ளையாரா? முந்தாநாள் ஒரு வரிசை முழுக்க நான் திரும்ப ஈயம் வச்சேன், அதுதான்" என்றேன்.

அன்றைக்கு ஆரம்பித்த சண்டை ஒரு வருஷம் ஓடியது. பெட்டி நன்றாகப் பாடினால் இவர் மேலே பார்ப்பார், நான் என் விரலைப் பார்ப்பேன். குழுவில் எல்லாரிடமும் இவர் கதையைச் சொல்லியாயிற்று. "மில்லு கைய விட்டுச்சி, சாமி விடல" என்பார். சொல்லும்போது முகத்தில் ஒரு தெம்பு வரும். அதைப் பார்த்தால் எனக்கே வாதாட மனசு வராது.

இந்த இடத்தில் எங்கள் கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஐயர் இல்லாமல், அப்பா ஏற்பாட்டில் சீர்திருத்தக் கல்யாணம். இவர் பயந்துபோய், சட்டைப் பைக்குள் குங்குமப் பொட்டலம் ஒன்றை ஒளித்து வைத்திருந்தார். புழுக்கத்தில் அது கரைந்து வெள்ளைச் சட்டையில் நெஞ்சு முழுக்கச் சிவப்பு. மாலை மாற்றுகிற நேரத்தில் ஒரு அம்மா, "ஐயோ ரத்தம்!" என்று கத்திவிட்டாள். அப்பாவுக்கும் மாப்பிள்ளைக்கும் பனிப்போர் அங்கேதான் ஆரம்பித்தது. அதிலிருந்து பூஜை நாள் தவறாமல் அப்பா நோணாங்குப்பத்திலிருந்து இறால் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். மற்ற நாளில் வெறுங்கையோடு வருவார்.

முடியளவு வெளிச்சம்

அடுத்த ஆயுத பூஜைக்கு எங்கள் வீடு கோயிலாகிவிட்டது. இவர் கை ராசியான கை என்று குழுவே வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு வந்தது. தபேலாவுக்குத் தாராளமாகத் தடவினார்கள். அப்புறம் அது ஒரு வாரத்துக்கு 'தொப், தொப்' என்றுதான் பேசியது.

மேஸ்திரி மட்டும் எங்கள் பெட்டியைப் பார்த்து முகம் சுளித்தார். "இன்னாப்பா இது, போன வருஷத்துப் பட்டை பாளம் பாளமா வெடிச்சி நிக்குது. ஜனங்க பாக்கறாங்க இல்ல? தொடைச்சிட்டு நடுவுல சின்னதா பொட்டு வையி."

மேஸ்திரி பேச்சுக்கு மறுபேச்சு உண்டா? இவர் ஈரத்துணி போட்டு அழுத்தித் துடைத்து, நடுவில் அழகாக ஒரு பொட்டு வைத்தார்.

மறுநாள்தான் விஜயதசமி. சாயந்திரம் அம்மன் கோயில் தெருவில் கச்சேரி. காலையில் கிட்டாரை எடுத்து மீட்டினார். 'கொர்ர்ர்ர்!' பன்னி குட்டிகளோடு திரும்பி வந்திருந்தது.

இவர் முகத்தில் ரத்தமே இல்லை. "செவ்வாக்கெழம சிநேகிதன் வீட்டுல வஞ்சரம் தின்னேன் அறிவு. விரதத்துல தின்னேன். சாமி பாத்துட்டாரு." கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைத்தார். "கடலூர்க்காரன் இன்னிக்கு வந்து குந்தியிருப்பான் பாரு" என்று சொல்லிவிட்டுத் தேங்காய் உடைக்கக் கோயிலுக்கு ஓடினார்.

நான் பெட்டியைத் தரதரவென்று இழுத்து, தோட்டத்து வெயிலில் போட்டேன். பின்பலகையைத் திறந்து ஸ்பீக்கரின் முதுகுப் பக்கமாகக் குனிந்தேன். அப்போதுதான் தெரிந்தது. கறுப்புக் காகிதத்தில், முடியளவு ஒரு கோடு வெளிச்சம். விரல் நீளத்துக்குக் கிழிசல்! அதன் விளிம்பில் போன வருஷத்துச் சந்தனத்தூள் இன்னும் ஒட்டியிருந்தது.

பட்டை இருந்த அதே இடம். ஆக, பிள்ளையாரும் இல்லை, நானும் இல்லை. காய்ந்த சந்தனம் கிழிசலைப் பிடித்து வைத்திருந்திருக்கிறது. ஒயரையும் ஈயத்தையுமே பார்த்துப் பழகின நான், காகிதத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு வருஷம் பீற்றிக்கொண்டேனே! வெட்கத்தில் தனியாக நின்று சிரித்தேன்.

அப்புறம் சிரிப்பு நின்றுபோனது. இவரிடம் இதை எப்படிச் சொல்வது? சாமி கையை விடவில்லை என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷனிடம், அது வெறும் சந்தனப் பசை என்று மேடை ஏறுகிற அன்றைக்கா சொல்வது? அந்தச் சுரம் வந்தால் மறுபடி தாண்டத்தான் பார்ப்பார். என்னால் முடியவில்லை.

கம்பெனியில் சாமான் சுற்றி வருகிற மெல்லிய காகிதம் வீட்டில் இருந்தது. துண்டு கிழித்து, பசை தடவி, ஸ்பீக்கரின் சட்டத்துக்கு நடுவே விரலை விட்டு முதுகுப் பக்கம் ஒட்டினேன். வெயிலில் காயவிட்டுப் பின்பலகையை மூடிக் கூடத்துக்கு இழுத்து வந்தேன். முன்னால் வந்து பார்த்தால், கிழிசல் வழியாகப் பசை கசிந்து நத்தை போன தடம் மாதிரி பளபளக்கிறது. இவர் கண்ணில் படாமல் இருக்காது. சுற்றுமுற்றும் பார்த்தேன். அதை மறைக்க வீட்டில் ஒன்றுதான் இருந்தது. நேற்றைய சந்தனக் கிண்ணம்.

மறுபடியும் வாசலுக்கு

அப்படித்தான் நான் அப்பாவிடம் மாட்டினேன்.

"நீயா தடவின?" என்று கேட்டார் இவர், அப்பா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

"ஆமா."

"உன் கையாலயா?"

"பின்ன யார் கையால தடவுவாங்க?" என்று எரிந்து விழுந்தேன். இவர் கிட்ட வந்து பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. அப்பா இறால் பையைப் படியில் வைத்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயந்திரம் கச்சேரிக்கு நானும் போனேன். கடலூர்க்காரன் நிஜமாகவே முன் வரிசையில் உட்கார்ந்திருந்தான், பெட்டியோடு. மூன்றாவது பாட்டில் அந்தச் சுரம் வந்தது. இவர் தாண்டவில்லை. நின்று, அழுத்தி மீட்டினார். தெரு முழுக்கத் தேன். கடலூர்க்காரன் இடைவேளையில் எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஆனால் பொய் சொன்னவளுக்குத் தண்டனை உண்டே! அதிலிருந்து ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும், "அறிவு கைதான் ராசி" என்று சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டுவார். நானும் தடவுவேன். அப்பாவோ வரும்போதெல்லாம், "உங்க ஸ்பீக்கர் சாமி சௌக்கியமா?" என்பார். சிரித்துக்கொண்டேதான் கேட்பார். ஆனால் என் கண்ணைப் பார்க்க மாட்டார். அது எனக்கு ரொம்ப வலித்தது. உண்மையைச் சொல்லிவிடலாம்தான். அப்பா தெருமுனைக் கூட்டத்தில் பேசுகிறவர். சந்தன அற்புதம் அம்பலம் என்று அடுத்த கூட்டத்திலேயே மாப்பிள்ளை பெயரோடு முழங்கிவிடுவார். அதனால் வாயைத் திறக்கவில்லை.

முதுகில் ஒரு பொட்டு

எண்பதுகளின் பின்பாதியில் ஒரு நாள் வால்வு ஒன்று அவிந்துவிட்டது. மாற்றுவதற்காகப் பின்பலகையைக் கழற்றி டார்ச் அடித்தேன். என் பழைய ஒட்டு எப்படி இருக்கிறது என்று சும்மா ஒரு பார்வை பார்த்தேன்.

ஒட்டின் மேலே ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம். ஒரு வருஷத்துப் பொட்டு இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக, ஏடு ஏடாகக் காய்ந்து, சின்னப் பொத்தான் மாதிரி தடித்திருந்தது.

நான் தடவினது எப்போதும் முன்பக்கந்தான்.

டார்ச்சை அணைக்காமலே தெருவுக்குப் போனேன். வழக்கம்போலப் பெட்டிக்குப் பயந்து இவர் அங்கே நின்றிருந்தார். "எப்பலேர்ந்து தெரியும்?"

இவர் மழுப்பவில்லை. "அன்னிக்கே தெரியும். வீட்டுக்குள்ள வந்தா பசை நாத்தம். எந்தச் சந்தனம் அந்த நாத்தம் நாறும்? அடுத்த வருஷம் தொடைக்கும்போது தெறந்து பாத்தேன்."

"அந்தக் கண்டன்சருக்குப் பயப்படலியா?"

"பயந்துக்கினேதான் வச்சேன்."

"அப்ப எதுக்கு என்னைத் தடவ வச்சீங்க? சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"கோயிலு வாசல மிதிக்காதவ எனக்காக சந்தனத்துல கை வச்ச. அத்த எப்படி அறிவு ஒடைக்கிறது?" என்றார். அப்புறம், "எந்தச் சாமான் வேலை செய்யுதோ அதுக்குத்தான ஆயுத பூஜை. உன் ஒட்டுதான வேலை செஞ்சிது. அதான் வச்சேன்" என்றார்.

அப்போதுதான் டார்ச்சை அணைத்தேன். அணைத்துவிட்டுச் சத்தம் போட்டேன். "எங்கப்பாகிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமில்ல? எட்டு வருஷமா மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கறாரு!"

"அவருகிட்ட சொன்னா மைக்குல சொல்லுவாரு" என்றார் இவர்.

மறுநாளே அப்பாவைப் பார்த்து, மைக்கில் பேச மாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வெயில், கிழிசல், பசை, பொட்டு எல்லாம். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மேல்துண்டால் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்து முடிக்க ரொம்ப நேரமானது. அப்புறம் நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கும் வழக்கம்போல இறால் பையோடு வந்தார். நான் முன்பக்கம் சந்தனம் தடவி முடித்திருந்தேன். இவர் பின்பலகையைக் கழற்றிவிட்டு, விரலில் பொட்டுக்குச் சந்தனத்தோடு, கண்டன்சரைப் பார்த்துப் பயந்து தயங்கிக்கொண்டிருந்தார்.

அப்பா பையைப் படியில் வைத்தார். கறுப்புச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இவர் பக்கத்தில் போய்க் குந்தினார்.

"டார்ச்ச எங்கிட்ட குடு மாப்ள. நான் வெளிச்சம் காட்டறேன், நீ பாத்து வையி."